சொல்லாமல் கொள்ளாமல் நின்றுபோகும் கணினி

கங்காதர நெல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டுக் கணினி மக்கர் செய்தால் முதலில் வரும் தீர்ப்பு "வைரஸ்" என்பது. அடுத்த தீர்ப்பு "ஃபார்மேட் அடிச்சாத்தான் சரியாகும்" என்பது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சித்தூருக்குப் போனால் அங்கேயும் பெரும்பாலும் இதே பேச்சுதான். விண்டோஸைத் துடைத்துவிட்டு மறுபடி ஏற்றுவார்கள். கல்யாணப் படங்களும் பிள்ளைகளின் புராஜெக்டும் அதோடு போகும். நான்கு நாள் நன்றாக ஓடும். ஐந்தாம் நாள் மத்தியானம் படக்கென்று திரும்பவும் நிற்கும்.

அப்போதுதான் கடல் கடந்து நமக்குத் தொலைபேசி வருகிறது. "தம்பி, நீ கம்ப்யூட்டர்லதானே இருக்கே, இது சும்மா சும்மா நின்னுபோகுது, என்னன்னு கேளு." வங்கிக்கு ஜாவாவில் நிரல் எழுதுகிறவனுக்கும் மதர்போர்டுக்கும் உள்ள உறவு, சமையற்காரருக்கும் கேஸ் சிலிண்டர் செய்கிறவருக்கும் உள்ள உறவு மாதிரிதான். ஆனால் அதைச் சொன்னால் அத்தை நம்பப் போவதில்லை. பதில் சொல்லியே ஆகவேண்டும். அப்படிப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் நம் சங்கத்து அன்பர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

வன்பொருள் கோளாறால் நிற்கும் கணினி காரணமில்லாமல் நிற்பதில்லை. காரணம் நம் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று, நம் ஊர்களில் அந்தக் காரணத்தைத் தேடும்போது கணினியைத் திறப்பதற்கு முன் அது செருகப்பட்டிருக்கும் சுவரைப் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் எழுதப்படும் வழிகாட்டிகள் சுவரைப் பற்றிப் பேசுவதே இல்லை. அங்கே சுவரிலிருந்து வரும் மின்சாரம் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது.

ஒரு பிட் புரண்டால்

முதலில், வன்பொருளில் ஏற்படும் ஒரு சிறு பிசகு எப்படி முழுக் கணினியையும் நிறுத்துகிறது என்று பார்த்துவிடுவோம். நினைவகத்தில் இருப்பதெல்லாம் 0, 1 என்ற இரண்டே இலக்கங்கள். ஒவ்வொன்றும் ஒரு பிட். யூனிகோடு அட்டவணையில் தமிழ் ல-வும் ள-வும் அடுத்தடுத்த இடங்களில் இருக்கின்றன. இரும எண்ணாக எழுதினால் ல-வின் எண் 0010 என்று முடியும். ள-வின் எண் 0011 என்று முடியும். வேறுபாடு கடைசி பிட் ஒன்றுதான். அது புரண்டால் 'கலை' என்று நாம் எழுதியது 'களை' ஆகிவிடும், 'புலி' 'புளி' ஆகிவிடும். ர-வுக்கும் ற-வுக்கும் இதே கதை. 'கரி' 'கறி' ஆகும். லகர ளகர மயக்கம் வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகளின் நாக்குக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தோம். கெட்டுப்போன ராமுக்கும் அது உண்டு.

எழுத்து மாறினால் சிரித்துவிட்டுப் போகலாம். எண் மாறினால்? கணினிக்குள் '1' என்ற எழுத்துருவின் எண் 49, '9' என்பதன் எண் 57. இரண்டுக்கும் இடையே 8. அதாவது ஒரே ஒரு பிட். ரூ.1,000 ரூ.9,000 ஆக ஒரு பிட் போதும். நிலத்தின் சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறவும் அதுவே போதும்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2003 மே 18 அன்று பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில், பிரஸ்ஸல்ஸை ஒட்டிய ஸ்கார்பேக் என்ற நகராட்சியில் ஒரு வேட்பாளருக்கு மின்னணு எண்ணிக்கையில் 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. அவருக்கு விழுந்திருக்கவே முடியாத அளவு வாக்குகள் வந்ததால்தான் அது பிடிபட்டது. நிபுணர்கள் மென்பொருளைச் சலித்துப் பார்த்தும் பிழை அகப்படவில்லை. 4,096 என்பது 2-ஐ 12 முறை பெருக்கினால் வரும் எண். பதின்மூன்றாம் இடத்து பிட் ஒன்று தானாகப் புரண்டிருக்க வேண்டும் என்ற முடிவுக்கே வந்தார்கள்.

புரண்ட பிட் எழுத்திலோ எண்ணிலோ விழாமல், கணினி செய்ய வேண்டிய கட்டளையிலோ அடுத்துப் போக வேண்டிய முகவரியிலோ விழுந்தால்தான் நீலத் திரை வருகிறது, அல்லது எல்லாம் உறைந்து நிற்கிறது. அந்த வகையில் பார்த்தால் கணினி நின்றுபோவது நல்ல சேதி. தவறு நடந்தது தெரிந்துவிட்டது. நிற்காமல் ஓடிக்கொண்டே கணக்கைக் கெடுக்கும் கணினிதான் ஆபத்தானது. சர்வர்களில் இதற்காகவே ஈசிசி நினைவகம் போடுகிறார்கள். 64 பிட்டுகளுக்கு 8 பிட்டுகள் கூடுதலாக வைத்து, ஒரு பிட் புரண்டால் தானே திருத்தும். இரண்டு புரண்டால் கண்டுபிடித்துச் சொல்லும். வீட்டுக் கணினியிலும் நெட் சென்டர் கணினியிலும் அந்தக் காவல் பொதுவாகக் கிடையாது. 2019 அக்டோபர் 2 முதல் ஆந்திராவில் கிராமச் செயலகங்கள் வந்து, சான்றிதழ் விண்ணப்பங்கள் ஊரிலேயே தட்டச்சாகத் தொடங்கிவிட்டன. தலைமைச் சர்வர் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், தட்டச்சு செய்கிற இடத்துப் பெட்டி நம் வீட்டுப் பெட்டியின் அண்ணன் தம்பியாகத்தான் இருக்கும்.

பிட் ஏன் புரள்கிறது? விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் என்பது பிரபலமான விடை. 1978-ல் இன்டெல் ஆய்வாளர்கள் சில்லின் பீங்கான் உறையில் கலந்திருந்த கதிரியக்கப் பொருளே நினைவகத்தைக் குழப்பியதைக் காட்டினார்கள். எனவே கதிர்க்கதை பொய்யில்லை. ஆனால் நம் வீட்டுப் பெட்டிக்கு அது பெரும்பாலும் பொருந்தாது. கூகுள் தன் சர்வர்களில் இரண்டரை ஆண்டு எடுத்த கணக்கு 2009-ல் வெளிவந்தது. ஓராண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு சர்வரில் நினைவகப் பிழை தென்பட்டது. நினைவகப் பலகைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 100-க்கு 8-க்கு மேல். பிழை காட்டிய பலகை திரும்பத் திரும்பக் காட்டியது. வானத்திலிருந்து வருவது இப்படி ஒரே வீட்டைத் தேடிப் பிடித்து விழாது. பலகையே பழுது.

மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2011-ல் ஏறக்குறைய 10 லட்சம் சாதாரணக் கணினிகளின் பதிவுகளை வைத்து இதைவிடத் தெளிவாகச் சொன்னார்கள். மொத்தம் 30 நாள் இயக்க நேரம் கண்ட கணினி ஒன்று செயலி சார்ந்த பிழையால் முதல்முறை நிற்பதற்கு வாய்ப்பு 190-ல் 1. ஒருமுறை நின்றுவிட்டதென்றால் மறுபடி நிற்பதற்கு வாய்ப்பு ஏறத்தாழ 3-ல் 1. "ஒரு தடவைதானே ஆச்சு, விடு" என்ற நம் வழக்கமான சமாதானம் இங்கே எடுபடாது.

எப்படி நின்றது என்று கேளுங்கள்

ஊரிலிருந்து அழைப்பு வந்தால் "என்ன செய்தீங்க" என்று கேட்பதைவிட "எப்படி நின்றது" என்று கேட்பது பலன் தரும். உரையாடல் இப்படிப் போகலாம்:

"மாமா, நிக்கும்போது ஃபேன் சத்தமும் சேர்ந்து நிக்குதா?"

"ஆமாம்ப்பா, எல்லாமே அணைஞ்சுடுது."

"தானா திரும்ப வருதா, நீங்க பட்டனை அழுத்தணுமா?"

"தானா வந்துடுது."

"அந்த நேரத்துல ட்யூப்லைட் மினுக்குதா?"

"அதைப் பார்க்கலையே."

"அடுத்த தடவை பாருங்க. மணி என்னன்னு தினசரி காலண்டர் தாள்லயே எழுதி வையுங்க."

இந்த நான்கு கேள்விகளில் பாதி வேலை முடிந்துவிடும். எல்லாம் அணைந்து உடனே தானாக மறுபடி எழுந்தால் மின்சாரத்தின் மீது சந்தேகம் வைக்கலாம். முதலில் மந்தமாகி, பிறகு அணைந்து, சிறிது நேரம் ஆறினால்தான் எழும் என்றால் சூடு. படம் அப்படியே நிற்க, பாட்டு ஒரே எழுத்தில் சிக்கி இழுத்துக்கொண்டே இருந்தால் நினைவகமோ கிராஃபிக்ஸோ வட்டோ. நீலத் திரை வந்து, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பெயரைச் சொன்னால் நினைவகம். ஒரே நிரலில், ஒரே பட்டனை அழுத்தும்போது மட்டும் நின்றால் அது பெரும்பாலும் மென்பொருள். அதற்கு இந்தக் கட்டுரை உதவாது. இவையெல்லாம் சாய்வுகள்தான், தீர்ப்புகள் இல்லை.

விண்டோஸின் ஈவென்ட் வியூவரைத் திறந்தால் 'கெர்னல்-பவர் 41' என்று சிவப்பில் ஒரு வரி இருக்கும். பவர் என்ற சொல்லைப் பார்த்ததும் பலரும் பவர் சப்ளையை மாற்ற ஓடுகிறார்கள். அந்த வரி சொல்வது "போன தடவை முறையாக மூடாமல் நின்றேன்" என்பது மட்டும்தான். ஏன் என்று அதற்கே தெரியாது. அதே பட்டியலில் 'வீயா-லாகர்' என்ற பெயரில் வரி இருந்தால் அதுதான் கவனிக்கத்தக்கது. செயலியே தன் உடம்பில் பிழை கண்டதாக எழுதிவைத்த வாக்குமூலம் அது.

சுவர்ப் பக்கம்

காலண்டர் தாளில் எழுதிய மணிகளை ஒரு வாரம் கழித்து வரிசையாகப் படிக்கச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் பல சமயம் அந்த வரிசையே பேசும். பம்புசெட்டுகளுக்குக் கரண்டு விடும் நேரத்தோடு அது ஒத்துப்போகிறதா? நேரடியாகத் தொடங்கும் மோட்டார் கிளம்பும் கணத்தில் தன் இயல்பான மின்னோட்டத்தைப் போல 5 முதல் 7 மடங்கு இழுக்கும். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் பல மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பினால், வரிசையின் கடைசியில் இருக்கும் வீட்டில் 230 வோல்ட் என்பது பெயரளவுக்குத்தான். மாம்பழக்கூழ் ஆலைகள் ஓடும் பருவத்தில் அந்தப் பக்கத்து வீடுகளிலும் விளக்கு மங்கி எழுவதைப் பார்க்கலாம். நல்ல பவர் சப்ளை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். மலிவான பெட்டியோடு சேர்த்துத் தரும் பவர் சப்ளை 180-க்குக் கீழே போனால் கை விரித்துவிடும். அதன்மேல் 450 வாட் என்று ஒட்டியிருப்பார்கள். கையில் தூக்கிப் பார்த்தாலே எடையில் தெரிந்துவிடும், உள்ளே ஒன்றுமில்லை என்று.

இதில் மிக அதிகம் ஏமாற்றுவது இன்வெர்ட்டர். "எங்க வீட்ல இன்வெர்ட்டர் இருக்குப்பா, கரண்டு போனாலும் பிரச்னை இல்லை" என்பார்கள். மின்சாரம் போன கணத்திலிருந்து பேட்டரி கைகொடுக்கும் வரை ஓர் இடைவெளி உண்டு. பவர் சப்ளை தன்னுள் சேமித்த மின்சாரத்தை வைத்து முழுச் சுமையில் ஏறக்குறைய 16, 17 மில்லி செகண்டு தாக்குப்பிடிக்கும்படி வடிவமைக்கப்பட்டது. நம் ஊர் இன்வெர்ட்டர்கள் பலவற்றின் பின்புறம் ஒரு சுவிட்ச் இருக்கும்: ஒரு பக்கம் யூபிஎஸ், மறுபக்கம் நார்மல் அல்லது ஈகோ. யூபிஎஸ் பக்கம் வைத்தால் மாறும் நேரம் 10, 15 மில்லி செகண்டு அளவில் இருக்கும். நார்மல் பக்கம் வைத்தால் 30, 40 வரை போகும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் அந்த வேறுபாடு தெரியாது. விளக்கு ஒரு சிமிட்டு சிமிட்டும், அவ்வளவுதான். கணினிக்கு அது மரணம். சுவிட்சை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

"போன வருஷம் வரைக்கும் இதே இன்வெர்ட்டர்ல நல்லாத்தானே ஓடிச்சு?" என்று கேட்டால் அதுவும் ஒரு துப்புதான். மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கெப்பாசிட்டருக்கு வயதாகிவிட்டது. வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் கைக்கணக்கு. சித்தூர், திருப்பதி வெயிலில் அது என்ன பாடுபடும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 17 மில்லி செகண்டு தாங்கியது 9-க்கு இறங்கியிருக்கும்.

அடுத்தது எர்த். கேபினெட்டில் வெறுங்காலோடு நின்று விரலை வைத்தால் சுர்ரென்று இழுக்கிறது என்று சொன்னால் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பவர் சப்ளையின் வாயிலில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று ஃபேஸிலிருந்து உடலுக்கு, மற்றது நியூட்ரலிலிருந்து உடலுக்கு. எர்த் சரியாக இருந்தால் அவற்றின் வழியே கசியும் சிறு மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட் முழுவதும் பாதி வோல்ட்டில், அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுர்ரென்பதோடு நிற்கிறது. ஆனால் அதே கசிவு பிரிண்டர் கேபிள், மானிட்டர் கேபிள், இணையக் கேபிள் என்று எந்தக் கேபிள் வேறு வழியாக மண்ணைத் தொடுகிறதோ அதன் வழியே ஓடப் பார்க்கும். பென் டிரைவ் செருகும்போது கணினி உறைவது, பிரிண்டரைப் போட்டதும் ரீஸ்டார்ட் ஆவது எல்லாம் இதனால் நடக்கலாம். உண்மையான ஃபேஸ் கசிவும் இதே மாதிரிதான் தொடங்கும். ஆகவே அளந்துதான் பார்க்க வேண்டும்.

அளப்பது ஊர் எலக்ட்ரீஷியனின் வேலை. மாமாவின் கையில் மல்டிமீட்டரைக் கொடுக்க வேண்டாம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 அளவில், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே அதே அளவில், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. கடைசி எண் பத்து, இருபது என்று ஏறினால் நியூட்ரல் எங்கோ தளர்ந்திருக்கிறது. மூன்று ஃபேஸ் கம்பத்தில் நியூட்ரல் அறவே அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட் வரை வரக்கூடும். தெரு முழுக்க டிவி புகைந்த கதைகள் அப்படி வந்தவைதான்.

இங்கேயிருந்து பெட்டி தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய மேசைக் கணினிகளின் பின்புறம் 115, 230 என்று ஒரு சின்னச் சிவப்பு சுவிட்ச் இருக்கும். அமெரிக்காவில் 115-ல் இருந்ததை அப்படியே நம் ஊரில் செருகினால் ஒரு வெடிச் சத்தம், அவ்வளவுதான், விசாரணை தேவையில்லை. 230-ல் வைத்ததை அமெரிக்காவில் செருகினால் வெடிக்காது. ஆனால் எழாது, அல்லது எழுந்து சுமை கூடியதும் விழும். இன்று வரும் பெரும்பாலான பவர் சப்ளைகளுக்கும் மடிக்கணினி அடாப்டர்களுக்கும் இந்தச் சுவிட்சே கிடையாது.

பெட்டிக்குள்

சுவர் சுத்தம் என்று தெரிந்த பிறகு பெட்டியைத் திறக்கலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான். நம் வீடுகளில் கணினிக்குப் பூப்போட்ட துணி உறை தைத்துப் போடும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஓடும்போதும் பின்பக்கத்தை மூடியபடியே அது கிடக்கும். மர மேசையின் அலமாரிக்குள் பெட்டியைத் தள்ளிக் கதவையும் சாத்திவைப்பவர்கள் உண்டு. வெல்லம் காய்ச்சும் நாட்களில் கரும்புச் சக்கைச் சாம்பல் பறந்து வந்து விசிறியில் படியும். எறும்பு வரும். பல்லி வரும், பவர் சப்ளைக்குள் போன பல்லி திரும்பாது, போகும்போது ஒரு ஃபியூஸையும் கூட்டிக்கொண்டு போகும். செயலி 100 டிகிரியை நெருங்கினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்கவில்லை என்றால் அணைந்துவிடும். அது கோளாறு இல்லை, தற்காப்பு. மென்மையான பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டி, செயலியின் மேல் காய்ந்து போயிருக்கும் வெப்பப் பசையை மாற்றினால் பல பெட்டிகள் பிழைத்துக்கொள்கின்றன.

தூசி தட்டும்போதே மதர்போர்டில் நிற்கும் உருளை கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். பூரி மாதிரி உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் கசிந்து காய்ந்திருந்தாலோ குற்றவாளி கையும் களவுமாக அகப்பட்டுவிட்டது. 1999-லிருந்து சுமார் 2007 வரை உலகம் முழுவதும் பல நிறுவனங்களின் போர்டுகளில் இப்படிப்பட்ட மட்டமான கெப்பாசிட்டர்கள் ஏறின. டெல் நிறுவனம் ஆப்டிபிளெக்ஸ் வகைக் கணினிகளைப் பழுதுபார்க்க 2005-ல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. பின்னர் வழக்கில் வெளியான ஆவணங்களை வைத்து 2010-ல் நியூயார்க் டைம்ஸ் எழுதிய செய்தியில் ஒரு வேடிக்கை உண்டு: டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக் கணிதத் துறையின் கணினிகள் அடுத்தடுத்து விழுந்தபோது, நீங்கள் கடினமான கணக்குகளைப் போட்டு அவற்றைக் களைப்படையச் செய்துவிட்டீர்கள் என்று விளக்கம் தரப்பட்டதாம். நம் ஊர் "வைரஸ்" தீர்ப்பு அதைவிட எவ்வளவோ தேவலை. 2000-களின் நடுவில் சங்கங்கள் வழியாகவும் தனியாகவும் நாம் ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்பிய பழைய கணினிகளில் இந்தக் காலத்துப் போர்டுகள் நிறையவே இருந்திருக்கும்.

ராம் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் துடைத்து மறுபடி செருகுவது நம் ஊர்க் கடைகளின் சர்வரோக நிவாரணி. மேல்நாட்டார் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். முலாம் தேயும் என்பது உண்மை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் அதுதான் உத்தமம். ஆனாலும் ஒருமுறை மெதுவாகத் துடைத்து, ரப்பர்த் துகளை ஊதிவிட்டுச் செருகுவதில் தவறில்லை. கழற்றிச் செருகுவதே பாதி வைத்தியம். தளர்ந்த தொடர்பு இறுகிவிடும்.

வட்டைப் பற்றிச் சுருக்கமாக: ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 என்ற வரிகளின் எண் ஏறிக்கொண்டே போனால் இருப்பதையெல்லாம் உடனே பிரதி எடுத்துவிட வேண்டும், பழுது பார்ப்பதெல்லாம் அப்புறம். 199 மட்டும் ஏறினால் வட்டு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, இணைக்கும் கேபிள்தான் கெட்டிருக்கிறது. கேபிளுக்கு ஆகும் செலவு சொற்பம். வட்டையே மாற்றச் சொன்னால் கடைக்காரரிடம் இந்த எண்ணைக் கேளுங்கள்.

ராத்திரி முழுக்க ஒரு பரீட்சை

நினைவகத்தைப் பரிசோதிக்க மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரல் இருக்கிறது. பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைக் கிளப்பினால் விண்டோஸ் பக்கமே போகாமல் ராமின் ஒவ்வொரு இடத்திலும் எழுதிப் படித்துப் பார்க்கும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். காலையில் சிவப்பு வரி ஒன்றே ஒன்று இருந்தாலும் தோல்விதான். "ஒண்ணுதானே" என்பதற்கு இங்கே இடமில்லை. பிழை வந்தால் பலகைகளை ஒவ்வொன்றாகத் தனியே போட்டு, ஒவ்வொரு இடுக்காக மாற்றிப் பாருங்கள். பிழை பலகையோடு நகர்ந்தால் பலகை கெட்டது. எந்தப் பலகையைப் போட்டாலும் ஒரே இடுக்கில் மட்டும் வந்தால் போர்டு. எல்லாப் பலகையிலும் எல்லா இடுக்கிலும் வந்தால் ராமை விட்டுவிட்டுப் பவர் சப்ளையையும் செயலியையும் பாருங்கள். பயாஸில் எக்ஸ்எம்பி போன்ற வேகக்கூட்டல் ஏதாவது இருந்தால் முதலிலேயே அணைத்துவிட வேண்டும்.

சோதனையில் தேறிவிட்டால் ராம் நிரபராதி என்று எழுதிக் கொடுத்துவிட முடியாது. ராத்திரி குளிர்ச்சியில் தேறிய பலகை சித்திரை வெயில் மத்தியானத்தில் தோற்கலாம். முடிந்தால் பகலிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

குற்றம் விண்டோஸ் மேலா வன்பொருள் மேலா என்று பிரித்தறிய எளிய வழி, வட்டைக் கழற்றி வைத்துவிட்டு லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து ஓட்டுவது. அங்கேயும் நின்றால் விண்டோஸை நூறு முறை ஃபார்மேட் செய்தாலும் பயனில்லை. சித்தூர் கடைக்குப் போவதற்கு முன் இந்த ஒரு சோதனையைச் செய்தால் கல்யாணப் படங்கள் தப்பும்.

திரையில் வரும் வாசகத்தை அப்படியே நம்பவும் கூடாது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைச் செயலிகள் சிலவற்றில் விளையாட்டுகள் திடீரென்று நின்று, கிராஃபிக்ஸ் நினைவகம் போதவில்லை என்று காட்டின. ஆயிரக்கணக்கில் கொடுத்துக் கிராஃபிக்ஸ் அட்டையை மாற்றியவர்களும் உண்டு. செயலிக்கு அளவுக்கு மீறிய வோல்ட் போய் அது உள்ளுக்குள் தேய்ந்ததே காரணம் என்று 2024-ல் இன்டெலே சொல்லி, மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டாண்டு நீட்டியது. சுருக்கி வைத்த கோப்பை விரிக்கும்போது தவறு நேர்ந்திருக்கிறது. அந்தத் தவறு வேறு பெயரில் வெளியே வந்திருக்கிறது. அந்த வகைச் செயலி வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பித்தாகிவிட்டதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்ததைத் திருத்தம் சரிசெய்யாது.

எப்போது "சரியாயிடுச்சு" என்று சொல்லலாம்?

பலரும் சறுக்கும் இடம் இதுதான். பவர் சப்ளையை மாற்றினோம், இரண்டு நாள் நிற்கவில்லை, சரியாகிவிட்டது என்று அறிவித்துவிடுகிறோம். எப்போதாவது வரும் கோளாறுக்கு இரண்டு நாள் அமைதி எதையும் நிரூபிக்காது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணினி சராசரியாக மூன்று நாளுக்கு ஒருமுறை நிற்கிறது, ஆனால் எப்போது என்று சொல்ல முடியாது என்று வைத்துக்கொள்வோம். எதையுமே மாற்றாமல் விட்டாலும், வெறும் அதிர்ஷ்டத்தால் மூன்று நாள் முழுக்க நிற்காமல் ஓட 100-க்கு 37 வாய்ப்பு உண்டு. ஆறு நாள் ஓட 100-க்கு 13, 14. ஒன்பது நாள் ஓட 100-க்கு 5. ஆகவே சராசரி இடைவெளியைப் போல மூன்று மடங்கு காலம் நிற்காமல் ஓடிய பிறகே "சரியாயிடுச்சு" என்ற சொல்லை வாயில் எடுக்கலாம். வாரம் ஒருமுறை நின்ற கணினிக்கு மூன்று வாரம். காலண்டரில் மணி எழுதச் சொன்னதன் இன்னொரு பயன் இது. சராசரி இடைவெளி தெரியாமல் எவ்வளவு காலம் காத்திருப்பது?

அந்தக் காத்திருப்பில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். கடையில் ராம், பவர் சப்ளை, வட்டு மூன்றையும் ஒரே நாளில் மாற்றித் தந்தால் கணினி ஓடும், உண்மைதான். எது கெட்டிருந்தது என்று யாருக்கும் தெரியாது. நல்ல பாகங்கள் இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கொடுத்திருப்போம். மாற்றிப் பார்ப்பதற்கும் புதிதாக வாங்க வேண்டியதில்லை. பக்கத்து வீட்டிலோ கடையிலோ ஒரு பவர் சப்ளையை இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே முதல் படி. அதைவிட்டால் மடிக்கணினி. மைக்ரோசாஃப்டின் அந்த ஆய்வில் மடிக்கணினிகள் மேசைக் கணினிகளைவிடக் குறைவாகவே நின்றன. நம் ஊருக்கு அதில் இன்னொரு வசதியும் உண்டு: சுவரில் என்ன நடந்தாலும் நடுவில் ஒரு பேட்டரி நிற்கிறது. ஊரில் பெற்றோருக்குப் புதிதாக வாங்கித் தருவதென்றால் நான் மடிக்கணினியைத்தான் சொல்வேன்.

கெட்டது என்று உறுதியான ராம் பலகையை மேசை இழுப்பறையில் போட்டு வைக்காதீர்கள். பார்வைக்கு அது நல்ல பலகை மாதிரியே இருக்கும். ஆறு மாதம் கழித்து யாராவது எடுத்து வேறொரு பெட்டியில், அநேகமாகப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கும் பெட்டியில், செருகிவிடுவார்கள். மார்க்கர் பேனாவால் பெருக்கல் குறி போட்டு, தேதியும் எழுதி, உத்தரவாதக் காலம் இருந்தால் கடையில் மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரண்டாக உடைத்து மின்னணுக் கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.